சித்தப்பாவின் நோட்டு, என் நோட்.ஜேஎஸ்

மயிலாப்பூரில் சித்தப்பாவுக்கு நாட்டு மருந்துக் கடை. சின்னக் கடைதான், ஆனால் சரக்கு முந்நூறு வகைக்கு மேல். விலையெல்லாம் ஒரு நீளமான நோட்டில் இருக்கும், அடித்து அடித்து எழுதியதில் சில பொருளுக்கு நாலு விலை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கும். ராசப்ப செட்டி தெருவுக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது நோட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து கடைப் பையனுக்குப் போன் போட்டு "திப்பிலி போன தடவை என்ன விலைன்னு பாரு" என்பார். பையன் பக்கம் புரட்டி முடிப்பதற்குள் அங்கே விலை பேசி முடிந்திருக்கும்.

இதைப் போனில் பார்க்கிற மாதிரி ஒரு பக்கமாகப் போட்டுத் தருகிறேன், ஒரு சனிக்கிழமை போதும் என்று நான்தான் வாய் விட்டேன். மூன்று வார இறுதிகள் போயின. நான் கடைசியாக வலைப்பக்கம் எழுதியது ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் காலத்தில். ஒரு எச்டிஎம்எல் கோப்பு, கீழே ஒரு ஸ்கிரிப்ட் டேக், பிரவுசரில் திறந்தால் வேலை முடிந்தது. இப்போது ஒரு பொத்தானை வைப்பதற்கு முன்பே டெர்மினலில் (கட்டளை தட்டுகிற ஜன்னல்) அரை மணி நேரம் போகிறது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு என்னைப் போலத் திரும்பி வருகிறவர்கள் எந்தெந்தக் குழியில் விழலாம் என்று தெரியட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இயந்திரம். வீட்டில் சும்மா கிடந்த பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். பிரவுசரும் எடிட்டரும் ஒன்றாகத் திறந்தால் விசிறி சத்தம் ஹாலுக்குக் கேட்கும். ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ரேமும் வாங்கிப் போட்டேன். பணம் குறைவாக இருந்து ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள். இந்த வேலையில் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை ஓயாமல் படிக்க வேண்டியிருக்கும், சுழலும் வட்டு அதற்கு ஈடு கொடுக்காது. மேலே உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) போட்டேன்.

அப்புறம் செய்ததுதான் முதல் தப்பு. இப்போதைய வலைக் கருவிகள் ஓட நோட்.ஜேஎஸ் வேண்டும், அது பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற நிரல். கூடவே என்பிஎம், அது மற்றவர்கள் எழுதிவைத்த நிரல் பொதிகளை இறக்கித் தரும். உபுண்டுவில் எதை நிறுவுவதானாலும் ஆப்ட் என்ற கட்டளைதானே என்று, முன்னால் நிர்வாகி அதிகாரம் தருகிற சுடோவையும் சேர்த்து ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் நோட்ஜேஎஸ் என்பிஎம்’ அடித்தேன். அழகாக நிறுவியது. பதிப்பைப் பார்க்கவே இல்லை. நேராக வீட் (வலைப்பக்கத் திட்டத்தை அமைத்து ஓட்டுகிற கருவி) திட்டம் ஒன்றைத் தொடங்கப் போனால், முதலில் ‘எஞ்சின் பொருந்தவில்லை’ என்று ஒரு மஞ்சள் எச்சரிக்கை, அதை வழக்கம்போலப் படிக்காமல் தாண்டினேன், அடுத்து சிவப்பில் ஒரு சின்டாக்ஸ் எர்ரர், கேள்விக்குறி ஒன்றைக் காட்டி ‘இதை இங்கே எதிர்பார்க்கவில்லை’ என்றது. நான் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை, என் எழுத்தில் என்ன பிழை இருக்க முடியும்? ஒரு மணி நேரம் இணையத்தில் அலசிய பிறகுதான் ‘நோட் -வி’ அடித்துப் பார்க்கத் தோன்றியது. 12.22.9.

விஷயம் இதுதான். உபுண்டு 22.04 தன் களஞ்சியத்தில் வைத்திருப்பது நோட் 12. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2022 ஏப்ரலோடு முடிந்துவிட்டது, அதாவது உபுண்டு 22.04 வெளிவந்த அதே மாதம். இரண்டு கேள்விக்குறி சேர்ந்த ‘??’, கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ‘?.’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் குறிகள் இரண்டும் நோட் 14இல்தான் வந்தன. இன்றைய கருவிகள் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன, 12க்கு அது புரியாத பாஷை. பிழை என்னுடையதல்ல, கருவியின் சொந்த நிரலைத்தான் அது படிக்க முடியாமல் முழித்திருக்கிறது. 24.04 போட்டிருந்தால் 18 கிடைத்திருக்கும், அதற்கும் 2025 ஏப்ரலோடு ஆதரவு முடிந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு முட்டாள்தனமும் செய்திருந்தேன். ஏதோ ஒரு கருவியை ‘என்பிஎம் இன்ஸ்டால் -ஜி’ போட்டுப் பொதுவாக நிறுவப் போக, ‘இஏஆக்சஸ்’ என்று அனுமதி மறுப்பு வந்தது. எல்லோரும் செய்வதைப் போல முன்னால் சுடோ சேர்த்தேன். நிறுவியது, ஆனால் கோப்பெல்லாம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயரில் போய் உட்கார்ந்துகொண்டது. சுடோ போட்டு வைத்ததைப் பிறகு சுடோ போட்டே தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது. என்பிஎம்முக்கு முன்னால் சுடோ போடத் தோன்றுகிறதென்றால் நிறுவியதே சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு என்விஎம் போட்டேன். இது நோட் பதிப்புகளை நம் வீட்டுக் கோப்புறைக்குள்ளேயே வைத்து, வேண்டியபோது மாற்றித் தருகிற ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். சுடோ தேவையே இல்லை. நிறுவியவுடன் ‘என்விஎம்’ அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும், பதறக் கூடாது. அது பாஷ்ஆர்சி கோப்பில் தன் வரிகளைச் சேர்த்திருக்கும், டெர்மினலை மூடித் திறந்தால்தான் படிக்கும். பிறகு ‘என்விஎம் இன்ஸ்டால் --எல்டிஎஸ்’. எனக்கு வந்தது 22. நோட் பதிப்புகளில் இதுவரை 18, 20, 22 என்று இரட்டைப்படை எண்கள்தான் நீண்ட கால ஆதரவுக்கு (எல்டிஎஸ்) வந்திருக்கின்றன, 19, 21 மாதிரி ஒற்றைப்படை எண்கள் சில மாதத்தில் காலாவதி. கடை மாதிரி ஒரு இடத்துக்குச் செய்கிறபோது புதுசு பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு இரட்டைப்படையில் இருப்பதே நிம்மதி. திட்டக் கோப்புறையில் ‘.என்விஎம்ஆர்சி’ என்று ஒரு கோப்பு வைத்து அதில் 22 என்று மட்டும் எழுதிவிட்டேன், ‘என்விஎம் யூஸ்’ அடித்தால் அதைப் பார்த்துச் சரியான பதிப்புக்கு மாறிக்கொள்ளும். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது எது வேலை செய்துகொண்டிருந்தது என்று எனக்கு நினைவிருக்கப் போவதில்லை, கோப்புக்கு இருக்கும்.

இந்த முறை ‘என்பிஎம் கிரியேட் வீட்@லேட்டஸ்ட்’ ஒரே மூச்சில் ஓடியது. பெயர் கேட்டது, எந்தச் சட்டகம் (ஃபிரேம்வொர்க்) என்று கேட்டது. ரியாக்ட், வ்யூ, ஸ்வெல்ட் என்று வரிசையாக நின்றன. நான் சட்டகம் எதுவும் இல்லாத வெறும் வனிலாவை எடுத்தேன். முந்நூறு வரிப் பட்டியல், ஒரு தேடல் பெட்டி, இதற்கு ரியாக்ட் எதற்கு? ஆபீசில் இதைச் சொன்னபோது ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், பார்க்கட்டும். (இன்னொன்று, வீட் என்பது பிரெஞ்சுச் சொல், ‘வேகமாக’ என்று அர்த்தம், உச்சரிப்பு ‘வீட்’. நானும் ஒரு மாதம் ‘வைட்’ என்றுதான் சொல்லித் திரிந்தேன்.) பழைய வழிகாட்டிகளில் இருக்கிற கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற தொடக்கக் கருவியைத் தேடி அலைய வேண்டாம், ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் அதற்கு விடை கொடுத்துவிட்டது.

‘என்பிஎம் ரன் டெவ்’ அடித்தால் ஒரு நொடிகூட ஆகாமல் லோக்கல்ஹோஸ்ட் 5173இல் (நம் கணினிக்குள்ளேயே இருக்கும் முகவரி) பக்கம் நிற்கிறது. அந்த எண்ணை உற்றுப் பார்த்தால் ஒரு விளையாட்டு இருக்கிறது: ரோமன் எண்ணில் 5 என்றால் வி, 1 என்றால் ஐ, 7 ஆங்கில ‘டி’ மாதிரி, 3 திருப்பிப் போட்ட ‘ஈ’, சேர்த்தால் ஆங்கிலத்தில் ‘வீட்’. வீட் கருவியின் வேகத்துக்குக் காரணம், உருவாக்கும் கட்டத்தில் அது எல்லாக் கோப்பையும் ஒன்றாகக் கட்டுவதில்லை. பிரவுசர் எந்தக் கோப்பைக் கேட்கிறதோ அதை மட்டும் அப்போதைக்கு அப்போது எடுத்துக் கொடுக்கிறது, இம்போர்ட் வரிகளை இப்போதைய பிரவுசர்களே நேரடியாகப் புரிந்துகொள்வதால் இது சாத்தியம். கோப்பைச் சேமித்த மறுகணம் பக்கத்தில் மாற்றம் தெரிகிறது. பழைய காலத்தில் எஃப்5 பொத்தானை எத்தனை தடவை அமுக்கியிருப்பேன்!

அடுத்தது இதைக் கடையில் ஓட்டிக் காட்டுவது. அங்கே இருக்கும் கணினியில் விண்டோஸ். கடை இணையம் மெதுவாக இருக்கும், எதற்கு மறுபடி இறக்க வேண்டும் என்று திட்டக் கோப்புறையை அப்படியே, இறக்கிய பொதிகள் இருக்கும் நோட்_மாட்யூல்ஸ் உட்பட, பென் டிரைவில் ஏற்றினேன். அதற்கே நேரம் பிடித்தது. கடையில் நோட்.ஜேஎஸ்ஸுக்கான விண்டோஸ் நிறுவியை ஓட்டும்போது ஒரு பெட்டி வரும், ‘தேவையான கருவிகளைத் தானாக நிறுவவா’ என்று. நல்லதுதானே என்று டிக் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு கறுப்பு ஜன்னல் திறந்து, சாக்லேட்டி, பைத்தான், விஷுவல் ஸ்டுடியோவின் பில்டு கருவிகள் என்று இறக்க ஆரம்பித்தது, அது ஜிபி கணக்கில் போகிற சமாசாரம். சி, சி++ இல் எழுதிய துணைப் பொதிகளை நம் கணினியிலேயே தொகுப்பவர்களுக்குத்தான் அவை வேண்டும். நமக்கு வேண்டாம், டிக் போடாதீர்கள். கல்லாவில் யுபிஐ வந்த சத்தம் வரவில்லை என்று சித்தப்பா சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் அதை நிறுத்தினேன்.

பவர்ஷெல் (விண்டோஸின் டெர்மினல்) திறந்து என்பிஎம் அடித்தால், ‘இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட் ஓட்டுவது முடக்கப்பட்டிருக்கிறது’ என்று சிவப்பு வரி. பவர்ஷெல்லில் என்பிஎம் ஒரு ‘.பிஎஸ்1’ ஸ்கிரிப்டாக ஓடுகிறது, விண்டோஸ் அதை இயல்பில் அனுமதிப்பதில்லை. எக்சிக்யூஷன் பாலிசியை நம் பயனர் கணக்குக்கு மட்டும் ‘ரிமோட்சைன்டு’ என்று மாற்றலாம். நான் அதைவிடச் சோம்பேறி, பழைய சிஎம்டி ஜன்னலைத் திறந்துகொண்டேன், அதில் இந்தத் தொல்லை இல்லை.

அங்கேயும் நின்றது. இந்தத் தடவை இஎஸ்பில்டு, ‘வேறொரு தளத்துக்கான இஎஸ்பில்டை நிறுவியிருக்கிறாய்’ என்று நேராகவே சொல்லிவிட்டது. இஎஸ்பில்டு என்பது கோ மொழியில் எழுதி, ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாகத் தொகுத்த நிரல், வீட் அதைத்தான் உள்ளே வைத்திருந்தது. நான் பென் டிரைவில் கொண்டுபோனது லினக்ஸுக்கானது. நோட்_மாட்யூல்ஸை எங்கேயும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று படித்திருக்கிறேன், பட்டால்தான் புரிகிறது. எடுத்துப் போக வேண்டியது வேண்டிய பொதிகளின் பட்டியலான பேக்கேஜ்.ஜேசன், அவற்றின் சரியான பதிப்புகளைக் குறித்து வைக்கும் பேக்கேஜ்-லாக்.ஜேசன் இரண்டும் நம் நிரலும்தான். அங்கே போய் ‘என்பிஎம் சிஐ’ அடித்தால் லாக் கோப்பில் உள்ள பதிப்புகளை அச்சுப் பிசகாமல் இறக்கிக்கொள்ளும். பேக்கேஜ்.ஜேசனில் எண்ணுக்கு முன்னால் ஒரு கூரைக்குறி இருக்கும், அந்தப் பெரிய எண்ணுக்குள் புதிய பதிப்பு வந்தால் எடுத்துக்கொள் என்று அர்த்தம். லாக் கோப்பு இல்லாவிட்டால் வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று ஓடும். அடுத்தவர் பொதியை நம்பி இருப்பது எப்படிப்பட்ட பிழைப்பு என்பதற்கு 2016 மார்ச்சில் நடந்த லெஃப்ட்-பேட் கதையே போதும். ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்க்கிற, 11 வரிப் பொதி ஒன்றை அதன் ஆசிரியர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட, உலகம் முழுக்க எத்தனையோ திட்டங்களின் பில்டு (நிரலை ஏற்றத் தயாராகக் கட்டுவது) நின்றது.

ஒரு வழியாகக் கடையில் ஓடியது. போனில் பார்க்க ‘என்பிஎம் ரன் டெவ் -- --ஹோஸ்ட்’. நடுவில் தனியாக நிற்கும் அந்த இரண்டு கோடு முக்கியம், அது இல்லாவிட்டால் ஹோஸ்ட் என்பதை என்பிஎம் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், வீட் கருவிக்குப் போய்ச் சேராது. விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்கும், கொடுக்க வேண்டும். போனும் கணினியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும்.

சித்தப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சுக்கு வரைக்கும் தலையாட்டினார். அப்புறம் நின்றார்.

"ஏம்ப்பா, சுக்குக்கும் திப்பிலிக்கும் நடுவுல ஜாதிக்காய் எப்படி வந்துது?"

"அகர வரிசைதான் சித்தப்பா."

"எந்த ஊரு அகர வரிசை? கல்லுப்புக்கு முன்னாடி கற்பூரம் நிக்குது. உன் கம்ப்யூட்டரு அ, ஆவே படிக்கலையா?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. நான் வெறும் ‘சார்ட்’ போட்டிருந்தேன். அது யூனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்ணைப் பார்த்து அடுக்கும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளை வைத்த வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை கிடையாது. அங்கே ச-வுக்கு அடுத்து ஜ, ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, அதற்குப் பிறகுதான் ல. நமக்கோ ற, ன இரண்டும் கடைசியில், ஜ, ஷ, ஸ, ஹ அதற்கும் பின்னால். ஆகவே ஜாதிக்காய் வசம்பு, வாய்விடங்கம் எல்லாம் தாண்டி வர வேண்டும், கல்லுப்பு கற்பூரத்துக்கு முன்னால் வர வேண்டும். இதற்காகத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே இருக்கிறது: ‘இன்ட்டில்.கொலேட்டர்’ என்பதற்குத் தமிழுக்கான குறியீட்டைக் கொடுத்து, அதன் ‘கம்பேர்’ செயற்கூறைச் ‘சார்ட்’டுக்குள் போட்டேன். ஒரே வரி. சேமித்த கணம் அவர் கையில் இருந்த போனிலேயே பட்டியல் தானாக இடம் மாறி, ஜாதிக்காய் சரசரவென்று கீழே இறங்கியது. "தொடவே இல்லியே?" என்று போனைத் திருப்பிப் பார்த்தார்.

அன்றைக்கே இன்னொன்றும் மாட்டியது. தேடல் பெட்டியில் ‘கொள்ளு’ என்று அடித்தால் எதுவும் வரவில்லை, பட்டியலில் கண் முன்னால் இருக்கிறது. வழக்கம்போல நிரலெங்கும் கன்சோல்.லாக் (மதிப்பை அச்சிட்டுக் காட்டும் வரி) தெளிக்கப் போனவன், இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வோம் என்று குரோமில் எஃப்12 அமுக்கி, சோர்சஸ் பகுதியில் தேடல் வரியின் எண் மேல் கிளிக் செய்து ஒரு பிரேக்பாயின்ட் வைத்தேன். நிரல் அந்த வரியில் அப்படியே நின்றது. நின்ற நிலையிலேயே கீழே கன்சோலில் இரண்டு சொற்களின் நீளத்தையும் கேட்டேன். நான் அடித்தது 6, பட்டியலில் இருந்தது 7. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்! எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தால், என்னுடையதில் ‘ொ’ ஒரே குறி. பட்டியலில் கொம்பு தனி, கால் தனி. பழைய எழுத்துருவில் தட்டிய எக்செல் கோப்பு ஒன்றை யாரோ எப்போதோ யூனிகோடுக்கு மாற்றியிருக்கிறார்கள், மாற்றியது கொம்பையும் காலையும் ஒட்டாமல் விட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ‘நார்மலைஸ்’ போட்டு குறிகளை ஒன்றாக ஒட்டுகிற என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் கொள்ளு, கொத்தமல்லி, கோரைக்கிழங்கு எல்லாம் வந்து நின்றன. கன்சோல்.லாக் மட்டும் வைத்திருந்தால் திரையில் ஒரே மாதிரி இரண்டு ‘கொள்ளு’வைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நீளம் என்றதும் ஞாபகம் வருகிறது, போன் திரைக்குள் அடங்க நீளப் பெயர்களை 12 எழுத்தோடு வெட்டி வைத்திருந்தேன். கரிசலாங்கண்ணி ‘கரிசலாங்கண்ண’ என்று மொட்டையாக நின்றது. நாம் எண்ணினால் 8 எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட் எண்ணினால் 13, அதற்கு மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி. ‘இன்ட்டில்.செக்மென்டர்’ நாம் எண்ணுகிற மாதிரியே எண்ணும், க்ஷ, ஸ்ரீ மாதிரிச் சிலவற்றைத் தவிர. கடைசியில் வெட்டுவதையே விட்டுவிட்டு சிஎஸ்எஸ்ஸில் இரண்டு வரியாக மடித்துவிட்டேன்.

நிரலில் பிழை சுட்டுகிற இஎஸ்லின்ட், நிரலை ஒழுங்காக அடுக்குகிற பிரிட்டியர் இரண்டையும் சேர்த்தேன், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இஎஸ்லின்ட்டில் மட்டும் கவனம், 2024இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து அமைப்புக் கோப்பின் பெயரும் வடிவமும் மாறிவிட்டன. பழைய ‘.இஎஸ்லின்ட்ஆர்சி’ கோப்பை வைத்தால் அதைச் சீந்தாது.

கடைசியாக பில்டு. ‘என்பிஎம் ரன் பில்டு’ ஓட்டினால் ‘டிஸ்ட்’ என்று ஒரு கோப்புறை வருகிறது, எல்லாம் சுருக்கிக் கட்டியது. பழைய பழக்கத்தில் அதிலுள்ள இன்டெக்ஸ் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தேன். வெள்ளைப் பக்கம். மாட்யூல் ஸ்கிரிப்டுகளை வட்டிலிருந்து நேரடியாகத் திறந்தால் பிரவுசர் பாதுகாப்புக் காரணத்துக்காக ஏற்றாது, ஏதாவது ஒரு சர்வர் வழியாகத்தான் வர வேண்டும். ‘என்பிஎம் ரன் பிரிவ்யூ’ போட்டு 4173இல் பார்த்துவிட்டு, வலைப்பக்கங்களை இணையத்தில் வைக்கிற கிட்ஹப் பேஜஸில் ஏற்றினேன். அங்கேயும் முதலில் வெள்ளைதான், ஏனென்றால் அது நம் திட்டத்தை முகவரியின் வேரில் வைக்காமல் நம் நிரல் இருக்கும் கிட்ஹப் களஞ்சியத்தின் பெயருக்குக் கீழே வைக்கிறது. வீட் அமைப்புக் கோப்பில் ‘பேஸ்’ என்பதற்கு அந்தப் பெயரை இருபக்கமும் சாய்கோட்டோடு கொடுத்த பிறகு வந்தது. பொதுவெளியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் கொள்முதல் விலையை எடுத்துவிட்டு விற்பனை விலை மட்டும் வைத்திருக்கிறேன். ராசப்ப செட்டி தெருவில் பேரம் பேச வேண்டியது கொள்முதல் விலையை வைத்து என்பதால், அதற்கு மட்டும் இன்றைக்கும் நோட்டுதான்.

விலைகள் இப்போது ஒரு ஜேசன் கோப்பில் இருக்கின்றன. மாற்ற வேண்டுமானால் நான் திருத்தி, பில்டு போட்டு, ஏற்ற வேண்டும். காலையில் பத்து மணிக்கு, நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது போன் வரும், "ஜாதிபத்திரி ஏறிடுச்சு, மாத்திடு." முன்பு கடைப் பையன் செய்த வேலையை இப்போது நான் செய்துகொண்டிருக்கிறேன். அவரே கடவுச்சொல் போட்டு விலை மாற்றுகிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும், அதற்குப் பின்னால் ஒரு தரவுத்தளம் வேண்டும். இந்தத் தடவை எத்தனை சனிக்கிழமை என்று அவரிடம் சொல்லவில்லை.